மிளகு ஸ்ப்ரே வாங்கலாமா? குப்பியைப் பற்றியும் இரண்டாவது அழுத்தத்தைப் பற்றியும்

பெங்களூரில் மருந்துக்கடையிலும் ஆன்லைனிலும் மிளகு ஸ்ப்ரே சுலபமாகக் கிடைக்கிறது. விலை பெரும்பாலும் 200 முதல் 500 ரூபாய்க்குள். லைசென்ஸ் தேவையில்லை. ஒயிட்ஃபீல்டு, எலக்ட்ரானிக் சிட்டி பக்கம் பிஜியில் தங்கி இரவு ஷிஃப்ட் போய்வரும் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து அப்பா அம்மா வாங்கி அனுப்பும் பொருள் இது. எப்படி அடிப்பது என்று அட்டையில் படம் போட்டிருக்கும். எப்போது கையை எடுக்க வேண்டும் என்று எந்த அட்டையிலும் இருக்காது. ஆனால் போலீஸும் கோர்ட்டும் கேட்கப்போகும் கேள்வி அதுதான். அதனால் இந்த மதிப்புரையில் குப்பியின் தரத்தையும் சட்டத்தின் எல்லையையும் சேர்த்தே பார்த்திருக்கிறோம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: வாங்கலாம். நேர்கோடாகப் பீய்ச்சும் ஸ்ட்ரீம் வகை, 30 முதல் 60 மில்லிக்குள், கட்டைவிரலால் தூக்கித் திறக்கும் மூடி உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தரலாம். ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம், பெரும்பாலான குப்பிகளில் கண்டிப்பாக இருக்க வேண்டிய ஒரு எண் இருப்பதில்லை.

எந்த எண் என்று பார்ப்போம். அட்டையில் ‘20 லட்சம் ஸ்கோவில்’ என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். ஸ்கோவில் என்பது காரத்தை அளக்கும் அலகு. அந்த எண் கலக்குவதற்கு முன் மிளகாய்ச் சாற்றுக்கு இருந்த காரம். குப்பிக்குள் இருக்கும் கலவையின் காரம் அதைவிட மிகக் குறைவு. ‘ஓசி 10 சதவீதம்’ என்பதும் (ஓசி என்பது அந்த மிளகாய்ச் சாறுதான்) சாறு எவ்வளவு சேர்த்தார்கள் என்பதை மட்டுமே காட்டும். உண்மையான வீரியத்தைச் சொல்வது மொத்தக் கலவையில் மிளகாய்க்குக் காரம் தரும் பொருளான கேப்சைசினாய்டு எத்தனை சதவீதம் என்பதுதான். அமெரிக்காவில் விற்கும் ஸ்ப்ரேக்களில் இது 0.18 முதல் 1.33 சதவீதம் வரை இருக்கும். இந்த எண் அச்சிட்ட குப்பி கிடைத்தால் ஐம்பது ரூபாய் கூடக் கொடுத்தாவது அதையே வாங்குங்கள். அதோடு தயாரித்த தேதி, காலாவதித் தேதி, நிகர எடை மூன்றும் இருக்க வேண்டும். காலாவதியான குப்பியில் மிளகாய்ச் சாறு கெட்டுப்போயிருக்காது, உள்ளே இருக்கும் வாயுவின் அழுத்தம்தான் இறங்கியிருக்கும். மூன்று மீட்டர் போக வேண்டியது உங்கள் காலடியிலேயே ஒழுகும்.

மூன்று வகை விற்கிறார்கள். ஸ்ட்ரீம் வகை மெல்லிய நீர்க்கோடாகப் போகும். ஏறக்குறைய மூன்று மீட்டர் தூரம் வரும், காற்று அவ்வளவாகக் கலைக்காது, பக்கத்தில் நிற்பவர் மேல் படாது. கண்ணைக் குறி பார்த்து அடிக்க வேண்டும் என்பதுதான் அதிலுள்ள சிரமம். மூடுபனி போலப் பரவும் ஃபாக் வகைக்குக் குறி தேவையில்லை. ஆனால் எதிர்க்காற்று அடித்தால் உங்கள் முகத்துக்கே திரும்பி வரும். ஆட்டோவுக்குள், லிஃப்டில், பிஎம்டிசி பஸ்ஸில் அதைத் தொடவே கூடாது. அடித்தவர், அடிவாங்கியவர், சும்மா உட்கார்ந்திருந்தவர் எல்லோருக்கும் மூச்சு முட்டும், ஆஸ்துமாக்காரர் இருந்தால் உயிருக்கே ஆபத்து. ஜெல் வகை ஒட்டிக்கொள்ளும், அறைக்குள் பரவாது. ஆனால் கண்ணுக்குள் இறங்கக் கொஞ்சம் கூடுதல் நேரம் எடுக்கும். அந்தக் கூடுதல் நேரம் சட்டத்திலும் ஒரு சிக்கலைக் கொண்டுவரும். அதைப் பிறகு பார்ப்போம்.

வாங்கியதும் வீட்டு மொட்டைமாடியில், காற்றுக்கு முதுகைக் காட்டி நின்று, அரை விநாடி மட்டும் ஒரு பழைய அட்டைப்பெட்டி மேல் அடித்துப் பாருங்கள். எவ்வளவு தூரம் போகிறது, பட்டனை எவ்வளவு அழுத்த வேண்டும் என்று விரலுக்குத் தெரியவேண்டும். நாசில் முனையில் ஒரு சொட்டு நிற்கும். துடைக்காமல் பையில் போட்டுவிட்டு அதே கையால் கண்ணைத் தேய்ப்பது நிறையப் பேர் செய்யும் தவறு. குப்பியை நிமிர்த்திப் பிடித்தே அடிக்க வேண்டும். தலைகீழாகப் பிடித்தால் உள்குழாய் திரவத்தை எட்டாது, வெறும் வாயு மட்டும் வெளியே போய்விடும். பைக்கின் சீட்டுக்கு அடியிலும் வெயிலில் நிற்கும் காரிலும் வைக்க வேண்டாம். கைப்பையின் அடியில் டிபன் பாக்ஸுக்குக் கீழே வைப்பதும் இல்லாததற்குச் சமம். வெளிப்பக்க ஜிப், அல்லது நடக்கும்போது கைக்குள். கெம்பேகவுடா விமான நிலையத்துக்குப் போகும் நாளில் வீட்டிலேயே விட்டுவிடுங்கள். கைப்பையிலும் அனுமதியில்லை, செக்-இன் பெட்டியிலும் அனுமதியில்லை.

காசு செலவழிக்க மனமில்லாமல் மிளகாய்ப் பொடியைப் பொட்டலம் கட்டிக் கொடுக்கும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். பொடிக்குக் குறி கிடையாது, பாதி உங்கள் மேலேயே விழும். துகள்கள் கருவிழியை உராய்ந்து புண்ணாக்கும், அது ஸ்ப்ரேயின் எரிச்சலைப் போலத் தானாகத் தணியாது. சாவிக்கொத்து வடிவில் வரும் குத்தூசி, விரல்களில் மாட்டும் இரும்பு வளையம் இவற்றையும் நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம். ஆளைத் தொடும் தூரத்தில்தான் வேலை செய்யும், அந்தத் தூரத்தில் நடுங்குகிற கை ஒரு குத்தோடு நிற்காது. எலும்பு முறிந்தாலோ கண் போனாலோ அது கொடுங்காயம் ஆகிவிடும், கேஸின் எடையே மாறிவிடும். ஊசியை இழுத்தால் கத்தும் சின்ன அலாரம் மட்டும் ஸ்ப்ரேக்கு நல்ல துணை. அதனால் யாரும் குற்றவாளி ஆனதில்லை.

இனி அந்தச் சில விநாடிகள்.

ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். இரவு பத்தரை. ஒரு பெண் அல்சூர் மெட்ரோவில் இறங்கி உள்தெரு ஒன்றில் நடக்கிறாள். எதிரே வந்தவன் வழிமறித்துப் பையின் வாரைப் பிடித்து இழுக்கிறான். அவள் வாரை விட்டுவிட்டு இரண்டடி பின்னால் போகிறாள். அவன் பையைக் கீழே போட்டுவிட்டு அவளை நோக்கி வருகிறான். அவள் இடது கையை முன்னால் நீட்டி, வலது கையால் ஒரு காதிலிருந்து மறு காதுவரை கண்களின் குறுக்கே கோடு இழுப்பதுபோல அரை விநாடி அடிக்கிறாள். அடித்ததும் பக்கவாட்டில் இரண்டடி நகர்கிறாள்.

இதுவரை எந்தச் சிக்கலும் இல்லை. பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்கு (ஐபிசி) பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரையான பிரிவுகள் தற்காப்பு உரிமையைப் பற்றியவை. 40-ஆம் பிரிவு சொல்வது இது: உடலுக்கு ஆபத்து என்ற நியாயமான அச்சம் வந்த நொடியில் உரிமை தொடங்கும், அந்த அச்சம் இருக்கும்வரை தொடரும். முதல் அடி விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஆபத்து எதிரே நிற்கும்போது கோழை போல ஓடித்தான் ஆகவேண்டும் என்றும் சட்டம் கேட்பதில்லை. 2010-ல் தர்ஷன் சிங் எதிர் பஞ்சாப் அரசு வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகவே சொன்னது. தாக்கப்படுகிறவர் தராசில் நிறுத்துப் பார்த்துத் திருப்பி அடிக்க முடியாது என்பதையும் அதே தீர்ப்பு ஏற்றுக்கொண்டது.

அடுத்து வரும் மூன்று விநாடிகளில்தான் தப்பு நடக்கிறது. ஸ்ப்ரே பட்ட நொடியிலேயே ஆள் விழுந்துவிடமாட்டான். இமைகள் இறுகி மூட ஓரிரு விநாடி ஆகும், இருமல் அதற்குப் பிறகுதான் வரும். அதுவரை வந்த வேகத்திலேயே அவன் முன்னால் வருவான். ஜெல்லாக இருந்தால் இன்னும் தாமதம். ‘வேலை செய்யவில்லை’ என்று பயந்து நின்ற இடத்திலேயே நின்று மறுபடி மறுபடி அழுத்துவது இதனால்தான். பக்கவாட்டில் நகரச் சொல்வதன் காரணமும் இதுவே. நகர்ந்தால் அவன் உங்களைத் தாண்டிப் போவான், என்ன செய்கிறான் என்று பார்க்க உங்களுக்கு நேரம் கிடைக்கும்.

மூன்றாவது விநாடியில் அவன் என்ன செய்கிறான்? இன்னும் கையை நீட்டி உங்களைத் தேடி வருகிறான் என்றால் இரண்டாவது முறை அடிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. குடிபோதையில் இருப்பவர்கள் மேல் ஸ்ப்ரே வேலை செய்யாமலே போவதும் உண்டு. அவன் முகத்தைப் பொத்திக்கொண்டு குனிந்துவிட்டான், உட்கார்ந்துவிட்டான், திரும்பி ஓடுகிறான், அல்லது வேறு இரண்டு பேர் அவனைப் பிடித்துவிட்டார்கள் என்றால் உரிமை அந்த இடத்திலேயே முடிந்தது. அவன் நல்லவன் ஆகிவிட்டதால் முடியவில்லை. உங்களுக்கு இருந்த ஆபத்து நின்றதால் முடிந்தது. பையை எடுத்துக்கொண்டு வெளிச்சமுள்ள இடத்துக்கு ஓடலாம். பறித்த பொருளை மீட்கும் உரிமையும் சட்டத்தில் இருக்கிறது. ஆனால் குனிந்தவன் தலைமேல் ஒரு அழுத்து, விழுந்தவன் இடுப்பில் ஓர் உதை, இரண்டும் 37-ஆம் பிரிவைத் தாண்டிவிடும். தற்காப்புக்குத் தேவையான அளவைவிடக் கூடுதலான தீங்கை எந்த நிலையிலும் அனுமதிக்கவில்லை அந்தப் பிரிவு.

‘யாருக்குத் தெரியப்போகிறது’ என்று நினைப்பவர்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது: ஸ்ப்ரே தடயம் விட்டுப் போகும். மிளகாய்ச் சாறு ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறம். சில குப்பிகளில் கூடுதலாகச் சாயமும் சேர்த்திருப்பார்கள். முகத்தில், சட்டையின் முன்பக்கம் காலருக்குக் கீழே ஒரு கோடு இருந்தால் ஆள் உங்களை நோக்கி வந்தான் என்று அந்தச் சட்டையே சொல்லும். பின்கழுத்திலும் முதுகிலும் கறை இருந்தால் ஓடியவனை விரட்டி அடித்தீர்கள் என்றும் அதே சட்டைதான் சொல்லும். குப்பியின் எடையும் பேசும். 35 கிராம் என்று அச்சிட்ட குப்பியில் அரை விநாடிக்குப் போவது கொஞ்சம்தான். காலியாகிவிட்ட குப்பியைக் கொடுத்து ‘ஒருமுறைதான் அடித்தேன்’ என்றால் தராசு ஒத்துக்கொள்ளாது. மிகப் பெரிய குப்பியை நாங்கள் பரிந்துரைக்காததற்கு இதுவும் ஒரு காரணம்.

பெங்களூர்க்காரர்கள் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய உத்தரவு ஒன்றும் இருக்கிறது. 2024-ல் கர்நாடக உயர் நீதிமன்றம், சொத்துத் தகராறு ஒன்றில் காவலாளி மேல் மிளகு ஸ்ப்ரே அடித்ததாகத் தொடரப்பட்ட வழக்கை ரத்து செய்ய மறுத்தது. உடனடியாக உயிருக்கு ஆபத்து இருந்ததாகத் தெரியவில்லை, மிளகு ஸ்ப்ரே ஆபத்தான ஆயுதமே என்றார் நீதிபதி எம். நாகபிரசன்னா. இந்தியச் சட்டத்தில் இதைப் பற்றிய வரையறை இல்லாததால் அமெரிக்க நீதிமன்றத் தீர்ப்பு ஒன்றையும் எடுத்துக்காட்டினார். அது தண்டனைத் தீர்ப்பு இல்லை, வழக்கு நடக்கட்டும் என்ற உத்தரவுதான். ஆனாலும் அதன் பொருள் பெரியது. அப்போது ஐபிசி 324, இப்போது நியாய சன்ஹிதா 118(1). ஆபத்தான ஆயுதத்தாலோ உடலுக்குக் கேடான பொருளாலோ காயப்படுத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். வெறுங்கையால் அடித்தால் 115(2), ஓராண்டு வரை. ஒரே கோபம், கையில் குப்பி இருந்த ஒரே காரணத்தால் தண்டனை மூன்று மடங்கு. பார்க்கிங் தகராறு, பக்கத்து வீட்டுச் சண்டை, சிக்னலில் கண்ணாடியை உரசியதற்கு வாக்குவாதம், மொழியைச் சொல்லி ஏசுவது, இதற்கெல்லாம் குப்பியை வெளியே எடுக்கவே கூடாது. சொல்லுக்கு எதிராகத் தற்காப்பு உரிமை கிடையாது, அந்தச் சொல் எவ்வளவு சுட்டாலும்.

நேற்று தொல்லை கொடுத்தவனை இன்று தெருமுனையில் காத்திருந்து அடிப்பதும் அப்படித்தான். போலீஸிடம் போக நேரம் இருந்தால் தற்காப்பு உரிமை இல்லை என்று 37-ஆம் பிரிவு தனியாகவே சொல்கிறது. ஒரு ராத்திரி கடந்தாலே அந்த நேரம் இருந்ததாகத்தான் பார்ப்பார்கள்.

செயின் பறித்தவன் பைக்கில் கிளம்பிவிட்டால் ஓடும் வண்டிமேல் அடிக்காதீர்கள். கண் தெரியாமல் வண்டி எங்கே மோதும் என்று யாருக்கும் தெரியாது, யாராவது செத்தால் அந்தச் சாவு உங்கள் கணக்கில் வரும். நம்பர் பிளேட்டைப் பாருங்கள். பிடிபட்டுவிட்டான் என்றால் அடுத்த ஆபத்து கூட்டம். ‘பொதுமக்கள் தர்ம அடி கொடுத்தனர்’ என்று செய்தித்தாள்கள் எழுதி எழுதி, அது ஏதோ ஊர் வழக்கம் போல ஆகிவிட்டது. அதில் தர்மம் எதுவும் இல்லை. பிடிபட்டவனை அடிப்பது வெறும் தாக்குதல், கூட்டத்தில் ஒருவர் அடித்து அவன் செத்தால் கையை வைத்த எல்லோரும் கொலை வழக்கில் நிற்க வேண்டியிருக்கும். கண்ணெதிரே வழிப்பறி போன்ற ஜாமீனில் வரமுடியாத குற்றம் செய்தவனைத் தனிநபர் பிடித்து வைக்க, குற்றவியல் நடைமுறைச் சட்டமான நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 40-ஆம் பிரிவு அனுமதிக்கிறது. தாமதமில்லாமல், அதிகபட்சம் ஆறு மணி நேரத்துக்குள், போலீஸில் ஒப்படைக்க வேண்டும். பிடித்து வைக்கலாம், அவ்வளவுதான்.

அடித்த பிறகு என்ன செய்வது என்பதும் குப்பியோடு சேர்த்து வாங்கவேண்டிய அறிவு. வெளிச்சத்துக்கு வந்ததும் 112-க்குக் கூப்பிடுங்கள். முதலில் கூப்பிட்டவர் யார் என்பது பதிவாகிறது. சொல்லவேண்டியது சுருக்கமாக: எங்கே, அவன் என்ன செய்தான், நீங்கள் எத்தனை முறை அடித்தீர்கள், இப்போது எங்கே நிற்கிறீர்கள். கூடவே ‘அவருக்கும் ஆம்புலன்ஸ் வேண்டும்’ என்று சொல்லுங்கள். மனம் ஒப்பாதுதான். ஆனால் பழிவாங்க அடித்தவர் ஆம்புலன்ஸ் கேட்கமாட்டார் என்பதால், அந்த ஒரு வாக்கியத்துக்குப் பின்னால் பெரிய மதிப்பு உண்டு. குப்பியைத் தூக்கி எறியாமல், கைப்பற்றியதற்கான மகஜர் எழுதி வாங்கிக்கொள்ளச் சொல்லி ஒப்படையுங்கள். உங்கள் உடம்பில் கீறலோ வீக்கமோ இருந்தால் அன்றே பௌரிங் போன்ற அரசு மருத்துவமனையில் காட்டி மெடிக்கோ-லீகல் பதிவு, அதாவது வழக்குக்கான காயப் பதிவு, போடச் சொல்லுங்கள். மறுநாள் வீக்கம் வடிந்துவிட்டால் ‘அவன் என்னைப் பிடித்தான்’ என்பதற்கு உங்கள் வாய்ச்சொல் மட்டுமே மிஞ்சும். பக்கத்துக் கடைகளின் சிசிடிவியைப் பற்றியும் புகாரிலேயே எழுதுங்கள், சில வாரங்களில் அழிந்துவிடும் பதிவு அது. வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ‘செம்மையா கொடுத்தேன்’ என்று மட்டும் போட்டுவிடாதீர்கள். எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் தேடுவது அதைத்தான்.

ஸ்டேஷனில் புகார் கன்னடத்தில் எழுதப்படும். பேசத் தெரிந்தும் படிக்கத் தெரியாத தமிழர்கள் இங்கே ஏராளம். ‘எழுதியதைப் படித்துக் காட்டுங்கள்’ என்று கேட்பது உங்கள் உரிமை, படித்துக் காட்டிய பிறகே கையெழுத்து. முக்கியமாக ‘ஒருமுறை’ என்று சொன்னது ‘பலமுறை’ என்று ஆகியிருக்கிறதா, ‘அவன் என்னை நோக்கி வந்தான்’ என்ற வரி இருக்கிறதா என்று பாருங்கள். எஃப்ஐஆர் நகல் இலவசம். சம்பவம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதிய வேண்டும், இதைத்தான் ஜீரோ எஃப்ஐஆர் என்கிறார்கள். அவனும் உங்கள் மேல் எதிர்ப்புகார் கொடுப்பான், அது சகஜம், பயப்பட வேண்டாம். தற்காப்பு என்று நிரூபிக்கும் பொறுப்பு உங்களுடையது என்றாலும், சந்தேகத்துக்கு இடமில்லாத அளவுக்கு நிரூபிக்க வேண்டியதில்லை. நடந்திருக்க வாய்ப்பு அதிகம் என்று காட்டினால் போதும் என்று 1960-களிலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமல் இலவசச் சட்ட உதவி உண்டு, எண் 15100.

உங்கள் மேலேயே பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது. கான்டாக்ட் லென்ஸ் இருந்தால், கையை சோப்பு போட்டுக் கழுவிவிட்டு, அதைக் கழற்றி எறிந்துவிடுங்கள். காற்றோட்டமான இடத்தில் நின்று, குளிர்ந்த ஓடும் தண்ணீரில் கண்ணைச் சிமிட்டிக்கொண்டே கால் மணி நேரம் கழுவ வேண்டும். எண்ணெய், கிரீம் எதையும் தடவ வேண்டாம், சாறு எண்ணெயில் கரைந்து இன்னும் பரவும். எரிச்சல் பொதுவாக முக்கால் மணி நேரத்துக்குள் தணியும். தணியாவிட்டாலோ மூச்சு இழுத்தாலோ ஆஸ்பத்திரிக்குப் போங்கள். அன்று போட்டிருந்த துணியைத் துவைக்காமல் காகிதப் பையில் எடுத்து வையுங்கள்.